அப்பா எழுதிய தலபுராணம்

எங்கள் வீட்டில் புராணங்களை முதலிலிருந்து கடைசிவரை படித்தவர் அப்பா ஒருவர்தான். திட்டுவதற்காகப் படித்தார். பக்தி உள்ளவர்களுக்குப் படிக்கும் அவசியம் இல்லை, கும்பிட்டால் போதும். அம்மாவின் அண்ணன், ரைஸ் மில் வைத்திருப்பவர், ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவின் தலைவர், ஆன்மிகச் சிறுநூல்கள் சிலவற்றின் ஆசிரியர். அந்த மாமாவுக்கு எந்த நாயன்மார் எந்த ஊர் என்று சந்தேகம் வந்தால் எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். அப்பா கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்தபடியே பிறந்த ஊர், செய்த தொண்டு, பெற்ற வரம் எல்லாவற்றையும் ஒப்பிப்பார். "அவ்வளவும் பொய்யின்னும் சொல்லிடுப்பா" என்று சொல்லி அனுப்புவார். வந்தவர் அதை மட்டும் போய்ச் சொல்வதில்லை.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாத்திகம் பேசுகிறவர்கள் அக்கம்பக்கத்தில் சிலர் இருந்தாலும் எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். சிவன் கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருவின் அகலம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாசற்படியை அவர் மிதித்ததில்லை. ஆனால் வெளியூர்த் தோழர்கள் வந்தால் தாராசுரத்துக்கு அழைத்துப் போவார். தூண் தூணாக நிறுத்தி, ஒவ்வொரு சிற்பத்துக்கும் கதை சொல்லி, அரை நாளை அங்கேயே கழிப்பார். கேட்டால் "அது கலை" என்பார். கலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதில் அவருக்குச் சங்கடம் இருந்ததில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. விடுமுறை நாட்களில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் கூலியில்லாமல் தட்டச்சு செய்து கொடுப்பவள். இரண்டு கட்சியின் எழுத்தும் என் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. அந்த உரிமையில் சொல்கிறேன், நாத்திகனுக்குத் தமிழ் நன்றாக வரும். அவனுக்கு வேறு துணை இல்லை என்பதுதான் காரணம். ஆன்மிகம் எழுதுகிறவர் ஒரு வாக்கியத்தில் வழுக்கினால் உடனே ஓர் 'எம்பெருமான்' வந்து தூக்கி நிறுத்துவார். மறுபடியும் தடுமாறினால் 'என்னே அவன் கருணை' என்று போட்டுப் பத்தியை முடித்துக்கொள்ளலாம். வாங்கினவர் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிப் பூஜை அறையில் வைத்துவிடுவார். சாமி புத்தகத்தில் போய் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடுவது பாவமில்லையா? நாத்திகனுடைய துண்டுப் பிரசுரமோ டீக்கடையில் வடை மடிக்கப் போகிறது. எண்ணெய் ஊறுவதற்குள் ஒரு வரியாவது படிக்க வைக்க வேண்டும். அந்தப் பயத்திலேயே தமிழ் தேறிவிடும்.

இதற்காகக் கறுப்புச் சட்டைக்காரர்கள் கை தட்ட வேண்டாம். நான் சொன்னது தனியாக இருக்கிற நாத்திகனை. நாலு பேர் சேர்ந்து, மேடையும் மைக்கும் கிடைத்துவிட்டால் அங்கேயும் ஒரு துதி முளைத்துவிடுகிறது. அப்பாவின் தோழர்களில் ஒருவர் 'மூடத்தனத்தின் முதுகெலும்பை முறிக்க முனைந்து நிற்கும் முன்னணிப் படையே' என்று தொடங்குவார். மாமாவின் 'அகிலாண்டகோடி'க்கும் இதற்கும் நடுவே குறைவது ஒரு கற்பூரம்தான். கேட்கிறவர்களும் அங்கே கன்னத்தில் போட்டுக்கொள்கிற இடத்தில் இங்கே கைதட்டுவார்கள். அர்த்தம் எந்த இடத்திலும் கேட்கப்படுவதில்லை.

அப்பா அப்படி எழுத மாட்டார். அவர் வாக்கியங்கள் சின்னவை. ஒரு சொல் அதிகமாக இருந்தால் சோற்றில் கல் கடிபட்டதுபோல முகத்தைச் சுளிப்பார். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஆசையும் ஒன்றுதான்: தன் தமிழ் நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒரு ஆள் சொல்ல வேண்டும். தோழர்கள் "கருத்து அருமை தோழர்" என்பார்கள். பக்தர்கள் கிழித்துப் போடுவார்கள். அம்மா "அந்தக் கருமத்தை யாரு படிப்பா" என்பாள். நான் சொல்லியிருக்கிறேன். மகள் சொன்னால் அது கணக்கில் சேராதாம்.

இப்படி இருக்கும்போதுதான் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. தலபுராணம் ஒன்று அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று குழு முடிவு செய்தது. எழுதுகிறேன் என்று மாமா ஒத்துக்கொண்டார். எங்கள் கோயில் கதை எளிமையானது. நடவுக்கு உழுதுகொண்டிருந்தபோது ஏர் ஒரு கல்லில் மோதியது, கல்லிலிருந்து ரத்தம் வந்தது, தோண்டிப் பார்த்தால் லிங்கம். டெல்டாவில் பாதி ஊருக்கு இதே கதைதான். மாமா எழுதியதில் முதல் வாக்கியமே ஒரு பக்கம் முழுக்கப் போயிற்று. 'அகிலாண்டகோடி பிரம்மாண்ட நாயகனாகிய எம்பெருமான் தன் திருவுள்ளத்தே திருவிளையாடல் புரியத் திருவுளம் பற்றி' என்று தொடங்கி, கயிலாயத்தை விட்டு எழுந்திருக்கவே சாமிக்கு நேரம் போதவில்லை. ஏர் இருக்கிற வயலுக்கு எப்போது வருவது? அச்சகத்துக்காரர் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஐயா, வாக்கியம் எந்த இடத்துல முடியுதுன்னு கம்போஸ் பண்ற பசங்களுக்குத் தெரியலைங்க" என்று பணிவாகத்தான் சொன்னாராம்.

அச்சகத்துக்காரனே திருப்பிக் கொடுத்துவிட்டான் என்பது மாமாவுக்குப் பெரிய அடி. அம்மா அன்று சாயங்காலமே அப்பாவிடம் வந்தாள்.

"ஏங்க, அண்ணன் முகத்தைப் பாக்க முடியலைங்க. கொஞ்சம் தட்டிக் கொட்டிச் சரி பண்ணிக் குடுங்களேன்."

"நானா? தலபுராணமா?"

"இந்த ஊர்ல அதெல்லாம் படிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தானே."

சிரித்துவிட்டுத் தருவதற்காகத்தான் அப்பா அதை வாங்கினார். இரண்டு பக்கம் உரக்கப் படித்துச் சிரிக்கவும் சிரித்தார். அப்புறம் ஒரு வாக்கியத்தை அடித்தார். அடித்த இடம் காலியாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அதில் ஒன்றை எழுதினார். அது பக்கத்து வாக்கியத்தோடு ஒட்டவில்லை. அதையும் மாற்றினார். அந்த வாரம் முடிவதற்குள் மாமா எழுதியதில் மிஞ்சியது அட்டையில் இருந்த அவர் பெயர் மட்டும்தான்.

அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'ஏர் நின்றது. மாடு நகரவில்லை. உழவன் குனிந்து பார்த்தான். சேறு சிவந்திருந்தது.' அந்த இடத்தில் நிறுத்தி என்னைக் கேட்டார்.

"இப்ப உழவன் என்னம்மா செய்வான்?"

"கும்பிடுவான்."

"மாட்டுக் காலைப் பாப்பாம்மா. அடி கிடி பட்டிருக்கான்னு நாலு காலையும் தடவிப் பாப்பான். ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சப்புறந்தான் அவனுக்குச் சாமி ஞாபகமே வரும்."

அப்படியே எழுதினார். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்து முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை படித்தேன். மாட்டின் குளம்பைத் தடவிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளை நான் பார்த்தேன். அதுவரை அந்தக் கதையில் எனக்கு ஆளே கண்ணில் பட்டதில்லை.

தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது, வெளியில் மூச்சு விடக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எதன் மேல் சத்தியம் செய்வது என்பதில் கொஞ்சம் குழப்பம் வந்தது. சாமி மேல் செய்தால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், பகுத்தறிவின் மேல் செய்தால் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. கடைசியில் என் தலையில் அடித்துச் செய்தோம். மாமாவிடம் அம்மா பிழை மட்டும் திருத்தியதாகச் சொல்லிக் கொடுத்தாள், அவரும் எல்லாம் தான் எழுதியதே என்று நம்பிவிட்டார்.

கும்பாபிஷேகத்தில் புத்தகம் வெளியாயிற்று. படித்தவர்கள் அழுதார்கள். துபாயில் இருக்கிற ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டார்கள். பக்கத்து ஊர்க் கோயில்காரர்கள் மாமாவிடம் வந்து எங்களுக்கும் ஒன்று எழுதித் தாருங்கள் என்றார்கள். "சிவன் எழுத வைக்கிறான், நான் யாரு" என்று மாமா அடக்கமாகச் சொன்னார். அது ஒரு வகையில் சரிதான், அவர் எழுதவில்லை.

மண்டலாபிஷேகம் முடியும்வரை தினமும் காலையில் புத்தகத்தை மைக்கில் வாசித்தார்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. அதே குழாயை எடுக்கச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு மனு மேல் மனு எழுதியவர் அப்பா. இப்போது காலையில் காப்பியோடு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கரண்ட் போனால் மின்வாரியத்தைத் திட்டினார். வாசிக்கிறவர் வேகமாகப் போனால் "ஓட்டறான் பாரு, ஓட்டறான் பாரு" என்று பல்லைக் கடித்தார். மாட்டின் கால் வருகிற இடத்தில் மட்டும் காப்பியைக் கீழே வைத்துவிடுவார். தெருவில் போகிறவர்கள் ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுப் போவதை ஜன்னல் வழியே பார்ப்பார். பாராட்டு கண் முன்னால் நடந்து போகிறது, கூப்பிட்டு நான்தான் என்று சொல்ல முடியாது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

சம்பா அறுவடை முடிந்து கொஞ்ச நாளில் புத்தகம் தீர்ந்துபோயிற்று. இரண்டாம் பதிப்பு போட வேண்டும். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். புத்தகம் கொஞ்சம் மொட்டையாக இருப்பதாக அவருக்குப் பட்டதாம். அதனால் மெருகேற்றியிருக்கிறாராம்.

"'அப்பொழுது அந்த ஏரானது எல்லாம் வல்ல எம்பெருமானின் எல்லையற்ற திருவருளால் அசைவற்று ஸ்தம்பித்து நின்றருளியது.'"

உள்ளேயிருந்து அப்பா வேகமாக வந்தார்.

"ஏர் எப்படி மச்சான் நின்னருளும்?"

"சாமி நிறுத்தின ஏருங்க மாப்ள. சும்மா நின்னுதுன்னு சொன்னா மரியாதையா இருக்காது."

"சரி, மாட்டுக் காலைத் தடவுற இடம் என்ன ஆச்சு?"

"அதை எடுத்துட்டேன். சாமி வர்ற இடத்துல மாட்டுக் காலு எதுக்கு?"

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. மாமா போன பிறகு அம்மாவிடம் கத்தினார். அண்ணனிடம் சொல்லி நிறுத்து என்றார். அம்மா கீரை ஆய்ந்தபடியே பதில் சொன்னாள்.

"அவங்க பேரு போட்ட புத்தகம், அவங்க மாத்தறாங்க. நான் என்னன்னு போய்ச் சொல்றது?"

"எழுதினது யாரு?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னுதானே பிள்ளை தலையில அடிச்சு வாங்கினீங்க?"

அப்பா இரண்டு நாள் மாட்டின் கால் வருகிற பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அந்தப் பக்கம் மெருகேறிப் போனால் அவர் எழுதியதிலேயே நல்லது போய்விடும். காப்பாற்ற வேண்டுமானால் நான்தான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் தோழர்கள் மத்தியில் மானம் போகும். அவர் எதற்காக இப்படி வேகிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

பதிப்பைப் பற்றிப் பேசக் குழு கோயில் மண்டபத்தில் கூடிய அன்று, நானும் அம்மாவும் போயிருந்தோம். ஊர்க்காரர்கள் யாரும் கருத்துச் சொல்லலாம் என்று மைக்கில் அறிவித்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கறுப்புச் சட்டைதான். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கலாட்டா செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்த ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

அப்பா மண்டபத்துக்குள் காலை வைத்ததும் தீபாராதனை தொடங்கியது. மோட்டாரில் அடிக்கிற மேளமும் மணியும் ஓடுகிறபோது அங்கே யாரும் பேச முடியாது. அவர் தூண் ஓரமாக நின்றார். அந்தத் தூணுக்குக் கீழேதான் சாம்பிராணிச் சட்டியை வைத்திருந்தார்கள். புகை நேராக அவர் முகத்துக்குப் போயிற்று. அவருக்குப் புகை ஆகாது. கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. கர்ப்பக்கிரகத்தைப் பார்த்த திசையில் கறுப்புச் சட்டையில் ஒருவர் கண்ணீர் வடிய நிற்கிறார் என்பதை ஒருவர் பார்த்து அடுத்தவரைத் தொட்டார். கற்பூரம் அணைவதற்குள் மொத்த மண்டபமும் சாமியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது.

மணி நின்றது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். புகையில் குரல் கம்மியிருந்தது.

"இந்தப் புத்தகத்துல ஒரு எழுத்தைக்கூட யாரும் மாத்தக் கூடாது. இது அப்படியே இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஒரு பெண் விசும்பினாள். அடுத்து இன்னொருவர். மாமா எழுந்து ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "மாப்ள, மாப்ள" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குருக்கள் இந்தச் சமயத்தை விடுவாரா? விபூதித் தட்டோடு வந்து, மாமாவின் பிடியில் இருந்த அப்பாவின் நெற்றியில் பளிச்சென்று பூசிவிட்டார். அப்பாவின் இரண்டு கையும் மாமாவின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தன. ஊரில் பாதிப்பேர் அதைப் படம் எடுத்தார்கள்.

ஓர் எழுத்தும் மாற்றுவதில்லை என்று குழு ஒரு மனதாகத் தீர்மானம் போட்டது. நாத்திகனையே அழவைத்த நூலை மாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? மாட்டின் கால் தப்பித்தது.

மறுநாளே தோழர்கள் பூதலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கண்டனக் கூட்டம் போட்டார்கள். முதுகெலும்பு முறிக்கிற தோழர், 'நேற்றுவரை நெருப்பு, இன்று நெற்றியில் நீறு' என்று நெடுநேரம் பேசினார். நான் ஸ்கூட்டியில் போய் ஓரமாக நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

"பேச்சு எப்படி இருந்துச்சு?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணும் சரியில்லப்பா."

"எனக்குத் தெரியும். 'ந'வைப் பிடிச்சா விடமாட்டான்" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தனை வருடத்துப் பழக்கம். வலிக்கத்தான் செய்திருக்கும்.

பிறகு மாமா வந்தார். புத்தகத்தில் எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்தார். கடைசியில் ஓர் அத்தியாயத்தை மட்டும் சேர்த்திருக்கிறாராம். குழுவின் விருப்பமாம். 'நாத்திகரை ஆட்கொண்ட நாதன்' என்று தலைப்பு. படித்துவிட்டுக் கொடுக்கச் சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

'நாற்பதாண்டுக் காலம் நாத்திகம் என்னும் காரிருளில் கிடந்துழன்ற எம் அன்பு மைத்துனரின் திருக்கண்களினின்றும் தாரை தாரையாகப் பெருகிய கண்ணீர் வெள்ளமானது மண்டபத்தையே நனைத்தோட' என்று போயிற்று. அப்பா இதைச் சுக்கல் சுக்கலாகக் கிழிப்பார் என்று காத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

"சாம்பிராணிக்கு எவ்வளவு தண்ணிம்மா வரும்? வெண்ணாறு மாதிரி ஓட விட்டிருக்காரு."

"நடக்காததை எழுதியிருக்காருப்பா. கிழிச்சுப் போடுங்க."

"நடக்காததுதான். ஏர் மட்டும் நடந்துச்சா?" பிரதியை மேசையில் பரப்பினார். "பொய்யை இப்படி எழுதினா எவன் நம்புவான்? கம்ப்யூட்டரைப் போடும்மா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. போடமாட்டேன் என்று கத்தியும் பார்த்தேன். அவர் தாளில் எழுதத் தொடங்கிவிட்டதால் வேறு வழியில்லாமல் போட்டேன். 'அவன் கும்பிடவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அழுகிற வயது இல்லை என்று அவனுக்குத் தெரியும்.' சாம்பிராணிச் சட்டி இருந்த இடம் எனக்குத் தெரியும். விபூதி எப்படி வந்தது என்று தெரியும். தெரிந்தும், அதைத் தட்டச்சு செய்தபோது அப்பா நிஜமாகவே மனம் மாறிவிட்டாரோ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது.

மாமா அதை எங்கள் கூடத்தில் உட்கார்ந்தே படித்தார். படித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவின் முழங்காலைத் தட்டினார்.

"மாப்ள, தப்பா நினைக்காதீங்க. என் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சதுல என் நடை அப்படியே உங்களுக்கும் வந்துடுச்சு. நல்லாத்தான் எழுதறீங்க. உங்களுக்குத் தமிழ் வருது."

அம்மா கொண்டுவந்து வைத்த காப்பியை எடுத்து மாமாவின் தலையில் கொட்டலாம் போல எனக்கு இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நெசமாவா மச்சான் சொல்றீங்க?" என்று கேட்டார்.